கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு பவர் டில்லர் வாங்கலாமா?

கேள்வி: செய்யாறு பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் 80 சென்ட் நிலம். தாத்தா 1958இல் தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது. உயில் எழுதாமல் 1983இல் இறந்துவிட்டார், பாட்டி 1990இல். பட்டா அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் கூட்டாக இருக்கிறது. 1999இல் இருவரும் 20 ரூபாய்ப் பத்திரத்தில் கூர்ச்சீட்டு (பாகம் பிரித்துக்கொண்டதற்கான குடும்ப எழுத்து) எழுதி, பாதிப் பாதியாக வரப்பு போட்டுக்கொண்டார்கள். பதிவு செய்யவில்லை. அப்பா 2011இல் காலமானார். வாரிசுச் சான்றிதழ் அப்போதே வாங்கிவிட்டோம். அம்மா, நான், திருப்பூரில் வேலை செய்யும் தம்பி, 2003இல் கட்டிக்கொடுத்த தங்கை இருக்கிறோம். வேலூரில் ஒரு அத்தை இருக்கிறார். அப்பா பாகமான 2.40 ஏக்கர் முழுவதிலும் நான்தான் பயிர் வைக்கிறேன். ஒரு போகம் நெல், ஒரு போகம் மல்லாட்டை (நிலக்கடலை). பின்னால் நடந்து ஓட்டும் உழவு இயந்திரமான பவர் டில்லருக்கு மானியம் கேட்டுப் போனால், "உங்கள் பெயரில் பட்டா இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரரோ, "வண்டியை இப்போதே எடுங்கள், மானியத்தை அப்புறம் வாங்கித் தருகிறேன்" என்கிறார். பட்டாவுக்கு யார் யார் கையெழுத்து வேண்டும்? தங்கைக்குச் சீர் செய்துவிட்டோம், அவளுக்கும் பங்கு உண்டா? வண்டியை எடுக்கலாமா?

பதில்: கடைக்காரர் பேச்சைக் கேட்டு இப்போது வண்டி எடுக்காதீர்கள். மானியத் திட்டத்தில் முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி உத்தரவு, அதற்குப் பிறகுதான் கொள்முதல். உத்தரவு தேதிக்கு முந்தைய ரசீதைக் கொண்டுபோனால் மானியம் கிடையாது. "பழைய வண்டிக்குப் புது ரசீது போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆய்வுக்கு வருபவர்கள் இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ரசீதோடு ஒப்பிட்டு, வண்டியோடு உங்களை நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். அங்கே சிக்கினால் பழி உங்கள் பெயரில்தான் விழும்.

இனி நிலத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேலூரில் அத்தை இருப்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி உங்கள் கணக்கையே மாற்றிவிடும்.

தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் கண்மூடிய அன்றே அந்த நிலம் மனைவிக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் சம பங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாட்டியும் உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் பங்கும் இந்த மூன்று பிள்ளைகளுக்கே வரும். ஆக அப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்கும் 480 சென்ட்டில் ஆளுக்கு 160 சென்ட். நீங்கள் 2.40 என்று நினைத்துக்கொண்டிருக்கும் அப்பா பாகம் சட்டத்தின் கண்ணில் 1.60தான்.

"பட்டாவில் அத்தை பெயரே இல்லையே" என்பீர்கள். 1980களில் யு.டி.ஆர். என்கிற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, அனுபவத்தில் இருந்த ஆண்களின் பெயரை மட்டும் ஏற்றியதும், மகள்களின் பெயர் விட்டுப்போனதும் ஊருக்கு ஊர் உண்டு. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அதில் பெயர் இல்லை என்பதால் மட்டும் உரிமை போய்விடாது. ஒரு பங்காளி நிலத்தை அனுபவித்து வந்தால், மற்றப் பங்காளிகளுக்காகவும் சேர்த்து அனுபவித்ததாகத்தான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். எத்தனை வருஷம் உழுதோம் என்ற கணக்கு மட்டும் அங்கே போதாது.

தங்கை விஷயமும் அப்படியே. பலர் இந்த இடத்தில் 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தையும் 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தத்தையும் இழுத்துப்போட்டு, திருமணத் தேதியை வைத்து வாதம் செய்கிறார்கள். அந்தத் திருத்தங்கள் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கானவை. உங்கள் அப்பாவுக்கு அவர் தகப்பனாரின் சுயசம்பாத்தியம் வாரிசாக வந்திருக்கிறது. அது அவர் கையில் தனிச்சொத்து. தனிச்சொத்தில் மகளுக்கு 1956 முதலே மகனுக்குச் சமமான பங்கு. கல்யாணம் எப்போது நடந்தது, சீர் எவ்வளவு செய்தீர்கள் என்பதெல்லாம் இதில் செல்லாது. அம்மா, நீங்கள், தம்பி, தங்கை என்று நான்கு பேருக்கும் சரிபங்கு: 160 சென்ட்டில் ஆளுக்கு 40 சென்ட். அத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்து 240 சென்ட் நின்றாலும் ஆளுக்கு 60.

இதைப் படித்ததும் வயிறு கலங்கும். நிலத்தில் இறங்கி உழைப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்பதையும் மறந்து சொல்லவில்லை. ஆனால் அத்தையையும் தங்கையையும் தவிர்த்துவிட்டு வாங்கும் எந்தப் பட்டாவும் பத்து வருஷம் கழித்து வழக்காகத் திரும்பி வரும். அதற்குள் நீங்கள் போர் போட்டிருப்பீர்கள், குழாய் பதித்திருப்பீர்கள். இப்போதே நேரில் போய்ப் பேசுவதுதான் செலவு குறைந்த வழி. தாம்பூலத் தட்டோடு போங்கள், ஆனால் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். பங்கு இவ்வளவு, நிலமாக வேண்டுமா பணமாக வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பேசப் போகுமுன் நான்கு காகிதம் கையில் இருக்கட்டும். யார் பெயரில் எவ்வளவு நிலம் என்று காட்டும் சிட்டா, ஊர் நிலங்களின் விவரப் பதிவான அ-பதிவேட்டின் நகல், எஃப்.எம்.பி. எனும் புலப்படம், வில்லங்கச் சான்று. முதல் மூன்றும் வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்திலும், வில்லங்கம் பதிவுத் துறைத் தளத்திலும் கிடைக்கும். 1958 கிரயப் பத்திரம் வீட்டில் இல்லையென்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் பிரதியைத் தேடிச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும். சிட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். ஒரு ஏக்கர் 40.47 ஏர்ஸ், ஆக 4.80 ஏக்கருக்கு சுமார் 1 ஹெக்டேர் 94 ஏர்ஸ் வர வேண்டும். இரண்டுக்கும் கணிசமான வித்தியாசம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் பாகம் எழுதாதீர்கள். புலத்தின் மொத்தப் பரப்பைவிடப் பத்திரத்தில் கூட்டி எழுதிய பங்குகளின் தொகை அதிகமாக இருந்தால், நில அளவர் உட்பிரிவு (பங்குகளை அளந்து தனித்தனி எண் கொடுப்பது) செய்யாமல் திருப்பி அனுப்புவார். மனுக்கள் தள்ளுபடியாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டம், இறந்தவர் பெயரை எடுத்து வாரிசுகள் பெயரை ஏற்றுவது. இதற்குப் பாகப் பத்திரம் தேவையில்லை. இ-சேவை மையத்தில் "உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல்" என்ற தலைப்பில் அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வாரிசுகளின் ஆதார், பழைய பட்டா நகல் வைத்து மனுச் செய்தால், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை பெற்று, உங்கள் நால்வர் பெயரும் சித்தப்பா பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா வரும். இதே மனுவோடு தாத்தாவின் வாரிசுச் சான்றையும் வைத்து அத்தை பெயரையும் ஏற்றிக்கொண்டால் பின்னால் வேலை சுலபம். மனுவைத் தள்ளுபடி செய்தால் காரணம் எழுதிய ஆணையைக் கேட்டு வாங்குங்கள். 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய அந்த ஆணை வேண்டும். வாய்மொழியாக "முடியாது" என்றதை வைத்து எங்கும் போக முடியாது.

உங்களுக்கு நல்ல செய்தி இந்த இடத்தில்தான் இருக்கிறது. மானியத்துக்குத் தனிப்பட்டாதான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயர் ஏறிவிட்டாலே பாதிக் கதவு திறந்துவிடும். உங்கள் அனுபவத்தில் இத்தனை சென்ட் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று, நடப்புப் பசலிக்கான (வருவாய் ஆண்டுக்கான) அடங்கல் என்னும் பயிர்ப் பதிவு, மற்றப் பட்டாதாரர்களின் சம்மதக் கடிதம் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்தால் பரிசீலிக்கிறார்கள். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவுக்கும் பட்டாவில் பெயர் இருப்பதுதான் அடிப்படை. பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் அப்படியே. 2019 பிப்ரவரி 1இல் நிலம் யார் பெயரில் இருந்தது என்று பார்ப்பார்கள். உடைமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தேதிக் கட்டுப்பாட்டில் விலக்கு உண்டு.

இரண்டாம் கட்டம், பதிவு செய்த பாகப்பிரிவினையும் உட்பிரிவும். 1999 கூர்ச்சீட்டை வைத்து உட்பிரிவு கேட்டால் கிடைக்காது. அசையாச் சொத்தைப் பிரிக்கும் ஆவணம் பதிவாக வேண்டும் என்பது பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவு. சித்தப்பா, அத்தை, நீங்கள் நால்வர் என ஆறு பேரும் சேர்ந்து ஒரே பாகப் பத்திரமாக எழுதுவது நல்லது. நிலம் வேண்டாம் என்பவர் தனியாக விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். பணம் கொடுத்தால் தொகையைப் பத்திரத்திலேயே குறிப்பிட்டு, வங்கி வழியாகக் கொடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் பாகத்துக்கும் விடுதலைக்கும் முத்திரைத் தீர்வையில் உச்சவரம்போடு கூடிய சலுகை விகிதம் இருக்கிறது. ஆனால் "குடும்பம்" என்று சட்டம் சொல்லும் உறவுப் பட்டியல் குறுகியது. உடன்பிறந்தவர்களுக்குள் எழுதுவது ஒன்று, அத்தை அண்ணன் பிள்ளைகளுக்கு எழுதுவது வேறு. வரைவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காட்டி, தீர்வை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு முத்திரைத்தாள் வாங்குங்கள்.

பத்திரம் எழுதும்போது ஆவண எழுத்தர் "கிழக்குப்புறம் பாதி, மேற்குப்புறம் பாதி" என்று இரண்டு வரியில் முடிக்கப் பார்ப்பார். விடாதீர்கள். தரையில் வரப்பு வடக்கு தெற்காகப் பிரிந்திருக்க, பத்திரம் கிழக்கு மேற்காகப் பிரிந்தால் நில அளவர் வந்து என்ன செய்வார்? பத்திரம் எழுதுமுன்பே உரிமம் பெற்ற அளவரை வைத்து அளந்து, நான்கெல்லை, ஒவ்வொரு பக்கத்தின் மீட்டர் அளவு, சென்ட்டோடு ஏர்ஸ் கணக்கு, ஒரு வரைபடம் எல்லாவற்றையும் பத்திரத்தோடு இணையுங்கள். கிணறு பொதுவா, மோட்டார் யாருடையது, முறைத் தண்ணீர் வாரத்தில் யாருக்கு எந்த நாள், வாய்க்கால் யார் நிலத்தின் வழியாகப் போகிறது என்பதையும் எழுத வேண்டும். இலவச மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்தால், அதை யார் பெயருக்கு மாற்றுவது என்று பத்திரத்திலேயே சொல்லிவிடுங்கள். மண்ணுக்கு வரும் சண்டையைவிடத் தண்ணீருக்கு வரும் சண்டைதான் அதிகம்.

பாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் உங்கள் இரண்டு கேள்வியும் சேர்கின்றன. பழைய கூர்ச்சீட்டுகளில் "நடைபாதை 3 அடி" என்று இருக்கும். ஏர் மாடு போன காலத்துக்கு அது போதும். டிராக்டர் டிரெய்லரோடு போக 10 அடி, அறுவடை இயந்திரம் உள்ளே போய்த் திரும்ப 12 அடியாவது வேண்டும். 100 மீட்டர் நீளத்துக்கு 12 அடி அகலப் பாதை விட்டால் 9 சென்ட் போகும். எல்லோர் பங்கிலிருந்தும் சமமாகக் கழியும் அந்த 9 சென்ட்டுக்கு இப்போது முகம் சுளிப்பார்கள். பாதை இல்லாத உள்நிலத்துக்காரர், பக்கத்து வயல் அறுவடையாகும் வரை முற்றிய நெல்லோடு காத்திருந்து, மழை வந்தால் கதிர் சாய்ந்து முளைவிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொதுவழி என்று எழுதி, அகலத்தை அடியிலும் மீட்டரிலும் குறிப்பிட்டு, வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் காட்டுங்கள்.

அதேபோல, நஞ்சையில் ஒரு துண்டு, மேட்டில் ஒரு துண்டு, கிணற்றோரம் ஒரு துண்டு என்று எல்லாவற்றையும் எல்லோருக்கும் நறுக்காதீர்கள். ஆறு அடி ரோட்டவேட்டர் மாட்டிய டிராக்டர் திரும்பவே வயல் ஓரத்தில் ஐந்தாறு மீட்டர் தலைமாடு வேண்டும். பத்து மீட்டர் அகலத் துண்டில் வண்டி உழும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் அதிகமாகும், வாடகை மணிக்கணக்கில் ஓடும். உங்கள் நால்வர் பங்கையும் ஒரே சேர்க்கையாக அடுத்தடுத்து ஒதுக்கிக்கொண்டு, தம்பி தங்கை பங்கை நீங்கள் எழுத்துமூலக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தால் வயல் உடையாது.

யாராவது கையெழுத்துப் போட மறுத்தால் வருவாய் அலுவலகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. உரிமையைத் தீர்மானிப்பது சிவில் நீதிமன்றம். நேரே வழக்குக்குப் போகுமுன் உங்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்துக்கு வரவழையுங்கள். அங்கே ஏற்படும் சமரசத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு என்பதை அம்மாவுக்கும் தங்கைக்கும் நீங்களே சொல்லுங்கள்.

இனி வண்டி. மானியம் கிடைத்தாலும் 2.40 ஏக்கருக்காக மட்டும் பவர் டில்லர் வாங்குவது உங்களுக்குக் கட்டுமா என்று பார்ப்போம். வேளாண் இயந்திரமயமாக்கல் உப இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் மானியம். அதற்கும் ஒரு உச்சத்தொகை உண்டு. சதவீதம், உச்சத்தொகை இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். கணக்குக்காக விலை 2,20,000 என்றும், மானியம் போக உங்கள் கைப்பணம் 1,10,000 என்றும் வைத்துக்கொள்வோம். பத்து வருஷ ஆயுளில் தேய்மானம் ஆண்டுக்கு 11,000. வட்டி 5,500. டைன் (மண்ணைக் கிளறும் ரோட்டரிக் கத்தி), பெல்ட், ஆயில், பழுது என்று இன்னொரு 5,500. வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் வருஷம் 22,000 ரூபாய் செலவு.

பவர் டில்லர் ரோட்டரியில் ஒரு ஏக்கர் ஒரு சால் (ஒரு முறை உழவு) ஓட்ட நான்கு மணி நேரம் ஆகும். இரண்டு போகம், போகத்துக்கு இரண்டு சால் என்றால் உங்கள் நிலத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40 மணி நேரம்தான் வேலை. மணிக்கு 550 நிலையான செலவு, அதோடு ஒன்றரை லிட்டர் டீசல். ஏக்கருக்கு ஒரு சாலுக்கு 2,700 ரூபாயைத் தாண்டும். நாள் முழுக்கப் பின்னால் நடக்கும் உங்கள் கூலி இதில் இல்லை. டிராக்டர் ரோட்டவேட்டர் அதே ஏக்கரை ஒன்றேகால் மணியில் முடிக்கும். தனியார் வாடகை மணிக்கு 1,200 என்றாலும் 1,500 ரூபாய். வேளாண் பொறியியல் துறை வண்டிக்கு அதைவிடக் குறைவு. உழவன் செயலியில் பதிவு செய்யலாம். ஆனால் பருவத்தில் வரிசை நீளம், எனவே விதைப்பு நாளுக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஓட்டி ஆண்டுக்கு 250 மணி நேரம் வேலை பிடிக்க முடியும் என்றால் கதை வேறு. நிலையான செலவு மணிக்கு 90 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஏரிப் பாசன நஞ்சையில் டிராக்டர் புதையும் சேற்று வயல்கள் உங்கள் ஊரில் எத்தனை இருக்கின்றன, அங்கே ஏற்கெனவே எத்தனை டில்லர் ஓடுகின்றன என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். அந்த நோட்டு உங்களுக்குப் பதில் சொல்லும். மல்லாட்டைக்குக் களை வெட்டவும் டில்லர் உதவும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். வரிசைக்கு வரிசை ஒரு அடி இடைவெளியில் இரண்டு அடி அகல ரோட்டரி எப்படி நுழையும்? அதற்குச் சக்கரத்தோடு கூடிய கைக்களைக் கருவி போதும். விதைத்த 40, 45ஆம் நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைத்த பிறகு, காய் பிடிக்கும் விழுது இறங்கும் மண்ணை எந்தக் கருவியாலும் கிளறக் கூடாது.

எல்லாம் பார்த்துவிட்டு, அனுமதி உத்தரவும் வந்து, வாங்குவது என்று முடிவெடுத்தால், துறையின் ஒப்புதல் பட்டியலில் அந்த மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உதிரி பாகம் செய்யாற்றிலோ ஆரணியிலோ கிடைக்கிறதா என்று கேளுங்கள். டெலிவரி அன்று பெல்ட் மூடியைக் கழற்றச் சொல்லி, வி-பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் சரி. அதிகம் இறங்கினால் சேற்றில் பெல்ட் வழுக்கிச் சூடேறி எரிந்த வாடை வரும். இறங்கவே இல்லையென்றால் பேரிங் சீக்கிரம் போகும். எல்லா பெல்ட்டும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று தேய்ந்தாலும் முழு செட்டாக மாற்றுங்கள், புதியதும் பழையதும் கலந்தால் பாரம் முழுவதும் புதிய பெல்ட்டில் விழும். மல்லாட்டைக்கு முன் காய்ந்த மண்ணில் ஓட்டும் நாட்களில் ஏர் கிளீனரின் ஆயில் கிண்ணத்தைத் தினமும் திறந்து பாருங்கள். புழுதியை இழுத்த இன்ஜினுக்கு முதலில் பிஸ்டன் ரிங்தான் போகும்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு இடங்கள் உண்டு. ரோட்டரி சுழலும்போது ரிவர்ஸ் கியர் போடாதீர்கள், பின்னால் நிற்பது உங்கள் கால். இரண்டாவது சரிவு. சமதரையில் இடது ஸ்டியரிங் கிளட்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது அதே இடது கிளட்சைப் பிடித்தால், பிடிப்பு விட்ட இடது சக்கரம் வேகமாக உருண்டு, வண்டி வலப்பக்கம் பாயும். புதிதாக ஓட்டுபவர்கள் கரையில் கவிழ்வது இதனால்தான். இறக்கத்தில் இன்ஜின் வேகத்தைக் குறைத்து, முதல் கியரில் வைத்து, கிளட்சைத் தொடாமல் கைப்பிடியை உடம்பால் தள்ளித் திருப்புங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது, அப்பாவின் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போய்ப் பெயர் மாற்ற மனுவைப் போடுவது. ஒப்புகைச் சீட்டில் உள்ள மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பட்டா எந்த மேசையில் நிற்கிறது என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும். அது நகர்ந்துகொண்டிருக்கும்போதே வேலூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.